முதலில் யாரிடம் போவாய்?

என் மனைவி நர்ஸ். நான் பனியன் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவன். அவள் வெளிநாட்டு நர்சிங் லைசென்ஸ் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படித்த மாதங்களில், கேள்வி வாசிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்குவாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து, தலையணை கனத்துக்கு இருக்கிற புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். என் இங்கிலீஷ், துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுகிற இங்கிலீஷ். 'கைண்ட்லி கன்ஃபர்ம்' வரைக்கும் நன்றாக ஓடும். மருந்துப் பெயர் வந்தால் நூல் அறுந்த மிஷின் மாதிரி அப்படியே நின்றுவிடும். அவள் உள்ளே இருந்தபடி அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுப்பாள்.

பரீட்சை என்றால் இந்த நோய்க்கு என்ன மருந்து, இந்த எலும்புக்கு என்ன பெயர் என்று கேட்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தில் அப்படிப்பட்ட கேள்விகள் குறைவு. உன் பொறுப்பில் நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள், முதலில் யாரிடம் போவாய்? இதையேதான் ஆளை மாற்றி, நோயை மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நோயாளிக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிற முடிவை இந்த நர்ஸ் எடுப்பாளா என்று தெரிந்துகொள்வதற்கான பரீட்சை அது.

முதல் நாள் எனக்குத் துணிச்சல் அதிகம். கேள்வியில் நான்கு பேர். ஒருவர் வலி மாத்திரை கேட்கிறார். ஒருவர் சாப்பாடு சரியில்லை என்று சத்தம் போடுகிறார். ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகித் துணிமணி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான்காவது ஆளுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆகி இரண்டு மணி நேரம் ஆகிறது. கட்டுப் போட்ட இடம் இறுக்கமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார்.

"இதுல என்ன புள்ள யோசன?" என்றேன். "டிஸ்சார்ஜ் ஆளுதான் மொதல்ல. ஆளு ரெடி, பெட்டி ரெடி, வண்டி வந்து நிக்குது. ஷிப்மெண்ட அனுப்பிட்டா பெட்டு காலியாகுதில்ல."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வெங்காயக் கண்ணீரும் சிரிப்புக் கண்ணீருமாக முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "மாமா, அவரு நல்லாயிட்டாருன்னுதானுங்க ஊட்டுக்குப் போறாரு. அவருக்கு என்னங்க அவசரம்? கழுத்துக்காரருகிட்டத்தான் போகோணும். உள்ள ரத்தம் கட்டுனா மூச்சுக்குழாய அமுக்கிப்போடும்."

புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருந்தது. அவள் சொன்னதுதான். கூடவே விளக்கமும் போட்டிருந்தார்கள். இப்படிப்பட்டவரைப் பார்க்கும்போது முன்னால் இருக்கிற கட்டை மட்டும் பார்த்தால் போதாது, கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்க்க வேண்டும். படுத்திருப்பவருக்கு ரத்தம் பின்பக்கமாக வழிந்து தலையணைக்கு அடியில் தேங்கும், முன்னால் துணி வெள்ளையாகவே இருக்கும் என்று எழுதியிருந்தது. அதை வாசித்ததும் எனக்கு மேல் சிலிர்த்தது. எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ ஒரு நர்ஸ் சும்மா இருக்காமல் பின்னால் கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் கை ஈரமாகியிருக்கிறது. அதற்குப் பிறகு உலகத்தில் இருக்கிற நர்ஸ்கள் எல்லாரும் அங்கே கையை விட்டுப் பார்க்கிறார்கள். என் வீட்டு அடுப்படியில் நிற்கிறவளும் அதில் ஒருத்தி என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இவ்வளவு தெரிந்தவள் முதல் முறை ஏன் தோற்றாள் என்பதும் போகப்போகத் தெரிந்தது. யாரிடம் போக வேண்டும் என்பதில் அவள் தவறவே மாட்டாள். போன பிறகு முதலில் என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் வழுக்குவாள். 'டாக்டரைக் கூப்பிடு' என்று ஒரு விடை இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லிவிடுவாள். புத்தகமோ, முதலில் நீ பார், தலைப்பக்கத்தை உயர்த்து, மூச்சைக் கவனி, அப்புறம் கூப்பிடு என்று சொல்லும்.

"எனக்குத் தெரியாம இல்லீங்க மாமா," என்றாள் ஒருநாள். "நாங்களா எதுவும் பண்ணக்கூடாதுன்னு பழகிப்போச்சுங்க. ஆரு என்ன கேட்டாலும் 'டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க'ன்னுதான் வாயில வருது."

ஆஸ்பத்திரியில் மட்டுமா அப்படி? வீட்டிலும் காலையில் எழுந்தால் "என்ன கொழம்பு வெக்கட்டுங்க மாமா?" என்று என்னிடம் கேட்பாள். நான் சொன்னதை என் அம்மாவிடம் போய், "வெக்கட்டுங்களா அத்த?" என்று இன்னொரு தரம் கேட்பாள். எங்கள் மகளுக்குத் தலை வாரும்போதுகூட ஒற்றைச் சடையா இரட்டைச் சடையா என்று யாராவது சொல்ல வேண்டும். அவள் குணம் அது என்று நாங்கள் எல்லாரும் சௌகரியமாக இருந்தோம். இந்த முறையும் தோற்றால் இனி எழுதப் போவதில்லை என்றும் சொல்லியிருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்காமல் முடிவு செய்திருந்தாள்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேள்வியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்புவேன். 'டாக்டரைக் கூப்பிடு' என்கிற வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வேன். "லைன் பிசி. டாக்டர் எடுக்கல. நீ என்ன பண்ணுவே?" என்பேன். முதலில் திணறினாள். விரலைப் பிடுங்கக்கூடப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயிலிருந்து வந்தது. தொட்டுப் பார்ப்பேன், எண்ணிப் பார்ப்பேன், சாய்த்துப் படுக்கவைப்பேன், மருந்தை நிறுத்துவேன். அவள் சொல்லச்சொல்ல நான் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் தொழிலிலிருந்து அவள் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. எங்கள் கம்பெனியில் குழந்தைத் துணி தைக்கும்போது மிஷின் ஊசி முறிந்தால் அந்த லைனையே நிறுத்திவிடுவார்கள். முறிந்த துண்டுகள் எல்லாம் கிடைத்து, சேர்த்துவைத்துப் பார்த்து முழு ஊசி ஆகிறதா என்று உறுதி செய்கிற வரைக்கும் ஒரு பீஸ்கூட நகராது. வாசலில் கண்டெய்னர் நின்றாலும் சரி, முதலாளியே வந்து நின்றாலும் சரி. ஒரு கைக்குழந்தையின் உடம்பில் ஊசிமுனை குத்தும் என்றால் கணக்கெல்லாம் அப்புறம். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "இது செரிங்க மாமா. இதுதானுங்க நாங்களும் படிக்கறது," என்றாள்.

தேர்வுக்குத் தேதி வாங்கியிருந்த சமயத்தில் என் தங்கைக்குக் கட்டுச்சோறு விருந்து வந்தது. அவளை வெள்ளகோவில் பக்கம் கொடுத்திருக்கிறோம். ஒன்பதாம் மாதத்தில் பெண் வீட்டுக்காரர்கள் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், சொந்தபந்தத்துக்கெல்லாம் போட்டு, வளையல் அடுக்கி, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு என்று அண்டா அண்டாவாக வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். அம்மாவுக்கு பிரஷர் உண்டு என்பதால் பிரஷர் பார்க்கிற சின்ன மிஷினும் எங்களோடு வந்தது. அது இல்லாமல் என் அம்மா தெருமுனைகூடத் தாண்ட மாட்டாள்.

தங்கையைப் பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் "மூஞ்சி எப்படிப் பூரிச்சுக் கெடக்குது பாருங்க" என்று கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அளவெடுத்து வாங்கிய வளையல் மணிக்கட்டுக்குப் போகாமல் விரல் முட்டியிலேயே நின்றது. "மாமியா ஊட்டுச் சாப்பாடு அப்படிங்க" என்று ஒரு கிழவி சொல்ல, பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்தாள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கை நெற்றியைத் தேய்த்தபடி அவளைக் கிட்டே கூப்பிட்டாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். "நங்கையா, அந்தப் போட்டோக்காரருகிட்டச் சொல்லுங்க. பளிச்சு பளிச்சுன்னு லைட்டு அடிக்கறாரு, கண்ணு கூசுதுங்க," என்றாள்.

போட்டோக்காரர் அங்கே இல்லை. அவர் கேமராவைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தலில் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகத் தெரியும், அவருக்கு அப்பளம் வைத்துவிட்டு வந்ததே நான்தான்.

என் மனைவியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் மெதுவாகக் குனிந்து, "தல வலிக்குதா கண்ணு?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் தங்கை. "மேவயிறு?" காலையில் இருந்து நெஞ்சு எரிகிறது, சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றாள். என் மனைவி அவள் காலைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி மேலே வரவில்லை. "மாமா, அத்தையோட மிஷின எடுத்துட்டு வாங்க," என்றாள். அந்தக் குரல் எனக்குப் புதிது.

பட்டுப்புடவைக் கையில் பட்டையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். பேச வேண்டாம் என்று சொல்லிக் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க' இப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அவள் ஆஸ்பத்திரி டாக்டரின் நம்பரை எடுக்க போனைக் கையில் எடுத்தும்விட்டாள். ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு போனை என் கையில் கொடுத்தாள்.

"நூத்தியெட்டுக்கு அடிங்க. மாசமா இருக்கறவங்களுக்கு பிரஷர் ரொம்ப ஏறியிருக்குது, எந்நேரமும் வலிப்பு வரும்னு சொல்லுங்க. திருப்பூர்ப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகோணும்."

நான் அப்படியே போன் போட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சண்டைகூட 'ங்க' போட்டுத்தான் நடக்கும். சம்பந்தியம்மா வந்து, "இன்னும் ரெண்டு பேருதானுங்க கண்ணு வளையல் போடோணும். போன வாரம் செக்கப்புல எல்லாம் நல்லாத்தானுங்க இருந்துது. நல்ல நேரம் பாத்து அனுப்பறோமுங்க," என்றார். என் அம்மா என் மனைவியின் காதோரம் குனிந்து, "சம்பந்தி ஊட்டுல வெச்சு வேண்டாஞ் சாமி, பாதிச் சனம் இன்னும் சாப்படல," என்றாள். நோயாளியே கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "எனக்கு ஒண்ணுமில்லீங்க நங்கையா, எல்லாரும் சாப்பிட்டு முடியட்டுங்க," என்றாள்.

"இல்லீங்க. இப்பவே போகோணுமுங்க," என்றாள் என் மனைவி. சத்தம் போடவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் யார்? சம்பந்தி வீட்டு மருமகள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் நிற்கிற இடத்தில் அவளுக்குப் பேச்சே கிடையாது. அவளைச் சுற்றிலும் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு, ஒருத்தரும் அசையாமல் நின்றார்கள். சோப்புக் கிண்ணம் வைத்திருந்தவள் அடுத்த வளையலைக் கையில் எடுத்துவிட்டாள்.

அப்போது எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. நல்லதாக ஒரு வார்த்தை வரக்கூடாதா? கம்பெனியில் கத்துகிற கத்தல்தான் வந்தது. "ஊசி முறிஞ்சு போச்சு! லைன நிறுத்துங்க!"

கத்தியபிறகுதான் நாக்கைக் கடித்தேன். சுபகாரியம் நடக்கிற வீட்டில் பைத்தியம் மாதிரி என்ன பேச்சு. ஆனால் அங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். தைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள், அயர்ன் போடுகிறவர்கள். அந்தச் சத்தம் கேட்டால் அவர்களுக்குக் கை தானாக நிற்கும். வளையல் வைத்திருந்தவள் அதைத் தட்டில் போட்டாள். பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்தவன் கரண்டியோடு அப்படியே நின்றான். தங்கையின் வீட்டுக்காரர் கட்டிங் செக்ஷனில் இருக்கிறார். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சொல்லுங்கக்கா, என்ன பண்ணோணும்?" என்றார்.

அவள் சொல்லச்சொல்ல அவர் செய்தார். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் துணியைக் கட்டினார்கள். யாரும் பக்கத்தில் நின்று அழக்கூடாது, ஒன்றும் குடிக்கக் கொடுக்கக்கூடாது என்றாள். என் அம்மாவைப் பார்த்தும் சொன்னாள். என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு, என்ன பார்த்தாள், எவ்வளவு இருந்தது, எத்தனையாவது மாதம் என்று அடுக்கி அடுக்கிச் சொன்னாள். புத்தகத்தில் நான் தடவித் தடவி வாசித்த வார்த்தைகள் எல்லாம் அவள் வாயில் தண்ணீர் மாதிரி போயின. பிரமித்துப்போய் நின்றேன். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆம்புலன்ஸில் அவளும் தங்கை வீட்டுக்காரரும் ஏறினார்கள். நாங்கள் வேனில் பின்னாலேயே போனோம். வேனில் மிச்சமிருந்த அண்டாக்களை இறக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. காங்கேயம் தாண்டி வழியெல்லாம் புளிச்சோற்று வாசத்தோடு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் காரிடாரில் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். உள்ளே கட்டிலில் படுக்கவைத்து ஊசிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே தங்கைக்கு வலிப்பு வந்துவிட்டதாம். சுற்றிலும் டாக்டரும் நர்ஸ்களும் மருந்தும் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்ததால் உடனே அடக்கிவிட்டார்கள், ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் சுவரை விட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வலிப்பு அந்த நாற்காலியில், அந்தக் கூட்டத்தில், சோப்புத் தண்ணீருக்கும் வளையலுக்கும் நடுவில் வந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். பெண் குழந்தை, எடை குறைவு, கொஞ்ச நாள் குழந்தைகள் வார்டில் வைத்திருக்க வேண்டும், அம்மாவும் பிழைத்துக்கொண்டாள் என்றார். என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா போகத் திரும்பியவர், நின்று கேட்டார்: "வீட்டுல யாரு முடிவு பண்ணி இப்படி உடனே கொண்டுவந்தது?"

நாங்கள் எல்லாரும் அவளைப் பார்த்தோம். சம்பந்தியம்மாவும் பார்த்தார். அவள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். அத்தை சொன்னாங்க, மாமா சொன்னாங்க என்று ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பதைத்தது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

"நான்தானுங்க."

டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் அவள் சென்னையில் தேர்வு எழுதினாள். நான் வெளியே மர நிழலில் நின்றேன். உள்ளே என் கட்டைவிரல் இல்லாமல் என்ன செய்கிறாளோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். "டாக்டரைக் கூப்பிடுன்னு எங்கயாச்சும் போட்டியா புள்ள?"

"ரெண்டு மூணு எடத்துல போட்டேனுங்க மாமா," என்றாள்.

எனக்குத் திக்கென்றது.

"அங்கெல்லாம் கூப்பிட்டே ஆகோணுமுங்க. பாத்துட்டுத்தான் போட்டேன்," என்றாள்.

பாஸ் என்று சில நாள் கழித்துத்தான் வந்தது. ஆனால் எனக்கு அன்றைக்குச் சாயங்காலம் திருப்பூர் ஸ்டேஷனிலேயே முடிவு தெரிந்துவிட்டது. ரயிலை விட்டு இறங்கினோம். வெளியே ஆட்டோக்காரர் எங்கே போகணும் என்று கேட்டார். நான் வழக்கம்போல வீட்டு விலாசம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "மொதல்ல பாப்பாவப் பாக்கோணும்."